இரு கணக்கெடுப்புகள், இரு எண்கள்: மாற்றம் உண்மையானதா என்பதை அறிவது எப்படி?

சுருக்கம்

• சுகாதாரக் கணக்கெடுப்புகள் தரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரியிலிருந்து பெறப்பட்ட மதிப்பீடு ஆகும். இரு மதிப்பீடுகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் தனக்கே உரிய பிழை எல்லை உண்டு.
• அந்தப் பிழை எல்லையைக் கணக்கிட இன்று பரவலாகப் பயன்படுவது மறுமாதிரியாக்க முறை. அதைச் சரியாகக் கையாண்டால் மாற்றம் குறித்த ஐயம் எவ்வளவு என்பது தெளிவாகும். தவறாகக் கையாண்டால் இல்லாத மாற்றமும் உறுதியானதாகத் தோன்றும்.
• கணினியில் எத்தனை மறுமாதிரிகள் எடுக்கப்பட்டன என்பது சான்றின் வலிமையைக் கூட்டாது. களத்தில் எத்தனை பேரிடம், எவ்வாறு தகவல் திரட்டப்பட்டது என்பதே வலிமையைத் தீர்மானிக்கும்.

பின்னணி

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று 2015–16ஆம் ஆண்டிலும், ஐந்தாம் சுற்று 2019–21ஆம் ஆண்டுகளிலும் நடைபெற்றன. இவ்விரு சுற்றுகளுக்கு இடையே இந்தியாவின் சிசு இறப்பு வீதம் ஆயிரம் பிறப்புகளுக்கு 40.7 என்ற நிலையிலிருந்து 35.2 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 20.2 என்ற நிலையிலிருந்து 18.6 ஆனது. தமிழ்நாட்டில் இரத்தசோகையுள்ள 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் பங்கு 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 விழுக்காடாக உயர்ந்தது.

இத்தகைய எண்கள் வெளியானவுடன், "குறைந்தது", "உயர்ந்தது", "முந்தியது", "பின்தங்கியது" என்னும் சொற்களில் அவை பேசப்படுகின்றன. நிதி ஒதுக்கீடும் மாவட்டத் தரவரிசையும் திட்டங்களின் தொடர்ச்சியும் இச்சொற்களைச் சார்ந்து அமைவதுண்டு. ஆகவே, இரு எண்களுக்கு இடையே தெரியும் இடைவெளி மக்கள் நலத்தில் ஏற்பட்ட மாற்றமா, வேறு குடும்பங்கள் மாதிரியில் இடம்பெற்றதால் நேர்ந்த தற்செயலா என்ற வினாவுக்கு விடை காண்பது இன்றியமையாதது. அவ்விடையைப் பெறும் முறையையும், அதில் வழக்கமாக நேரும் பிழைகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

மறுமாதிரியாக்கம் என்பது யாது?

ஒரு கணக்கெடுப்பை மீண்டும் மீண்டும் நடத்த இயலுமானால், ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்ட எண் கிடைக்கும். அவ்வெண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதே மதிப்பீட்டின் பிழை அளவு. ஆனால், பல லட்சம் குடும்பங்களைச் சந்திக்கும் கணக்கெடுப்பை நூறு முறை நடத்துவது இயலாத செயல். எனவே, கையில் உள்ள ஒரே மாதிரியையே மக்கள்தொகையின் சிறு உருவாகக் கொண்டு, அதிலிருந்து புதிய மாதிரிகளை எடுத்துப் பார்ப்பதே மறுமாதிரியாக்கம்.

இதன் கருத்துக்கு இந்தியாவில் ஒரு முன்னோடி வரலாறு உண்டு. வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிட்ட பேராசிரியர் மகலனோபிஸ், 1930களின் பிற்பகுதியில், ஒரே மாதிரியைத் தனித்தனித் துணை மாதிரிகளாகப் பிரித்து, அவை தரும் மதிப்பீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழையை அளந்தார். பின்னர், மாரிஸ் கெனூயி முன்வைத்து, ஜான் டூக்கி பெயர் சூட்டி விரிவாக்கிய ஜாக்நைஃப் முறை வந்தது. மாதிரியின் ஒரு பகுதியை ஒவ்வொரு முறையும் விலக்கிவிட்டு மதிப்பீட்டை மறுபடி கணக்கிடுவது அம்முறை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு போன்ற ஆய்வுகளில் இறப்பு வீதம், கருவள வீதம் ஆகியவற்றின் மாதிரிப் பிழை இவ்வாறே கணக்கிடப்படுகிறது.

1979இல் பிராட்லி எஃப்ரான் வெளியிட்ட பூட்ஸ்ட்ராப் முறை இக்கருத்தை மேலும் பொதுமைப்படுத்தியது. மாதிரியில் உள்ள அலகுகளை, எடுத்ததைத் திரும்ப இட்டு, அதே எண்ணிக்கையில் மறுபடி எடுக்க வேண்டும். சில அலகுகள் இருமுறை வரும். சில வராமலே போகும். ஒவ்வொரு மறுமாதிரிக்கும் வீதத்தைக் கணக்கிட்டால், ஆயிரம் மறுமாதிரிகளிலிருந்து ஆயிரம் வீதங்கள் கிடைக்கும். இவற்றின் பரவலே மதிப்பீட்டின் ஐயத்தைக் காட்டும்.

ஒப்பிட வேண்டியது வேறுபாட்டின் பரவலையே

விளக்கத்துக்காகக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாநிலத்தில் இரு சுற்றுக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 8,000 பிறப்புகள் பதிவாகின்றன. முதற்சுற்றில் 160 சிசு இறப்புகளும் இரண்டாம் சுற்றில் 144 சிசு இறப்புகளும் பதிவாகின்றன. வீதம் ஆயிரத்துக்கு 20இலிருந்து 18 ஆகிறது. இது உண்மையான குறைவு எனக் கூறலாமா?

செய்ய வேண்டியது இதுவே: முதற்சுற்றிலிருந்து ஒரு மறுமாதிரி, இரண்டாம் சுற்றிலிருந்து ஒரு மறுமாதிரி என எடுத்து, இரண்டின் வீதங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதை ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் வேறுபாடுகள் கிடைக்கும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் 25 மதிப்புகளை விலக்கினால், எஞ்சியது வேறுபாட்டுக்கான 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஆகும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் அவ்விடைவெளி, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2 உயர்வு என்பதிலிருந்து 6 குறைவு என்பது வரை நீள்கிறது. ஆயிரம் மறுமாதிரிச் சோடிகளில் ஏறத்தாழ 180இல் இரண்டாம் சுற்றின் வீதமே அதிகமாக இருக்கும். ஆகவே, கையில் உள்ள தரவை மட்டும் கொண்டு, வீதம் குறைந்தது என உறுதிபடக் கூற இயலாது.

"மாற்றம் ஏதும் இல்லை" என்றும் இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஆயிரத்துக்கு 6 குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதையும் அதே இடைவெளி கூறுகிறது. ஆண்டுக்கு 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்தில் ஆயிரத்துக்கு 2 என்னும் வேறுபாடு 1,800 உயிர்களைக் குறிக்கும். ஐயம் உள்ளது என்பதற்காகப் பயன் தரும் திட்டத்தை நிறுத்துவது, ஐயத்தை மறைத்து வெற்றி அறிவிப்பதைப் போன்றே தீங்கானது.

முதல் பிழை: மறுமாதிரிகளின் எண்ணிக்கையை மாதிரியின் அளவாகக் கொள்வது

இம்முறையில் அடிக்கடி நேரும் பிழை இதுவாகும். இரு சுற்றுகளுக்கும் தனித்தனியே ஆயிரம் பூட்ஸ்ட்ராப் வீதங்கள் கணக்கிடப்பட்ட பின், அவ்விரு ஆயிரங்களும் களத்தில் திரட்டிய தரவைப் போலவே கருதப்பட்டு, டி-சோதனையோ கோல்மகரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையோ நடத்தப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அவ்வாறு செய்தால், டி-மதிப்பு ஏறத்தாழ 29 என வரும். "வேறுபாடு ஐயத்துக்கு இடமற்றது" என்னும் முடிவை அது தரும். அதே தரவை முறையாக ஆராய்ந்தபோது, வேறுபாடு உண்டா இல்லையா என்றே கூற இயலவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிழையின் வேர் எளிது. பூட்ஸ்ட்ராப் வீதங்களின் திட்ட விலக்கமே மதிப்பீட்டின் திட்டப் பிழை. அதை மறுமாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் மீண்டும் வகுக்கும்போது, ஐயம் செயற்கையாகச் சுருங்குகிறது. ஆயிரத்துக்குப் பதிலாக ஒரு லட்சம் மறுமாதிரிகள் எடுத்தால் டி-மதிப்பு பத்து மடங்காகி 290ஐத் தாண்டும். கூடுதலாக ஒரு வீட்டுக் கதவுகூடத் தட்டப்படவில்லை. ஒரு தாயிடம்கூடப் புதிதாகக் கேட்கப்படவில்லை. கணினியை நெடுநேரம் இயக்கியதால் மட்டும் சான்று வலுப்பெற்றது என ஒரு முறை காட்டுமானால், அம்முறையே தவறு என்று கொள்ள வேண்டும்.

மறுமாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு ஒரு பயன் உண்டு. இடைவெளியின் முனைகள் ஒவ்வொரு கணக்கீட்டிலும் சற்றே மாறாமல் நிலைபெறும். இடைவெளி குறுகுவது அதன் நோக்கம் அன்று.

வேறுபாடே இல்லை என்னும் கருதுகோளைச் சோதிக்க விரும்பினால் அதற்குரிய முறை வரிசைமாற்றச் சோதனை ஆகும். இரு சுற்றுகளின் மூலத் தரவையும் ஒன்றாகக் கலந்து, "முதற்சுற்று", "இரண்டாம் சுற்று" என்னும் அடையாளங்களைத் தற்செயலாக மாற்றி வழங்கி, ஒவ்வொரு முறையும் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். அடையாளங்களுக்குப் பொருளே இல்லாத நிலையில் இவ்வளவு வேறுபாடு எத்தனை முறை தோன்றுகிறது என்பதை அது காட்டும்.

இரண்டாம் பிழை: இடைவெளிகள் மேற்பொருந்தினால் வேறுபாடு இல்லை எனக் கொள்வது

அறிக்கைகளில் இரு வீதங்களும் தத்தம் நம்பிக்கை இடைவெளிகளுடன் தரப்படும்போது, அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். இது முதற்பிழைக்கு நேர் எதிரான பிழைக்கு இட்டுச் செல்லும்.

முன் சொன்ன எடுத்துக்காட்டில் இரண்டாம் சுற்றின் இறப்புகள் 144 அல்ல, 120 எனக் கொள்வோம். முதல் வீதம் 20. அதன் இடைவெளி 16.9 முதல் 23.1 வரை. இரண்டாம் வீதம் 15. அதன் இடைவெளி 12.3 முதல் 17.7 வரை. 16.9க்கும் 17.7க்கும் இடையே இரண்டும் மேற்பொருந்துகின்றன. ஆயினும், வேறுபாட்டின் இடைவெளி 0.9 முதல் 9.1 வரை அமைகிறது. அதில் சுழியம் இல்லை. குறைவு உண்மையானது என்பதற்குப் போதிய சான்று உள்ளது. இரு மதிப்பீடுகளும் ஒரே நேரத்தில் எதிரெதிர் முனைகளுக்குச் செல்வது அரிது என்பதே இதற்குக் காரணம்.

இரு தனி மாதிரிகளின் இடைவெளிகள் மேற்பொருந்தாவிட்டால் வேறுபாடு உண்டு எனக் கொள்ளலாம். மேற்பொருந்தினால், முடிவு எதையும் கூறாமல் வேறுபாட்டின் இடைவெளியைக் கேட்டுப் பெற வேண்டும்.

மாதிரி எடுக்கப்பட்ட விதத்திலேயே மறுமாதிரியும் எடுக்கப்பட வேண்டும்

மேற்கண்ட கணக்குகள் ஒவ்வொரு பிறப்பும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கொண்டவை. உண்மையான கணக்கெடுப்புகள் அவ்வாறு நடப்பதில்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் முதலில் கிராமங்களும் நகர்ப்புறப் பகுதிகளும் முதன்மை மாதிரி அலகுகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பின்னர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் 22 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஐந்தாம் சுற்றில் நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்ட அலகுகளில், 6.36 லட்சம் குடும்பங்களிடம் தகவல் திரட்டப்பட்டது.

ஒரே ஊரில் வாழ்வோர் ஒரே குடிநீரையும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே, அவர்கள் தரும் தகவல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். குழந்தைகளைத் தனித்தனியே மறுமாதிரி எடுத்தால் இந்த ஒற்றுமை மறைந்து, ஐயம் குறைத்துக் காட்டப்படும். ஊர்களையே அலகாகக் கொண்டு மறுமாதிரி எடுப்பதே முறை. தொகுதி முறையால் மாறுபாட்டெண் இருமடங்கு ஆகுமானால், நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 1.4 மடங்கு அகலமாகும்.

மாதிரிகள் ஒன்றோடொன்று பின்னியிருப்பின் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறை வெளியிடும் தாய்மார் இறப்பு விகிதம் இதற்குச் சிறந்த சான்று. மகப்பேறு சார்ந்த இறப்பு அரிது என்பதால், மூன்று ஆண்டுகளின் தரவு ஒன்றுசேர்த்து வெளியிடப்படுகிறது. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2017–19 காலத்தில் 103 ஆக இருந்த விகிதம், 2018–20 காலத்தில் 97 ஆனது. இவ்விரு காலங்களுக்கும் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகள் பொதுவானவை. ஆகவே, தெரியும் 6 புள்ளிக் குறைவு, 2017ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

இவ்விரு எண்களைத் தனித்தனி மாதிரிகளாகக் கருதி ஒப்பிட்டால், பொதுவான ஆண்டுகளின் ஐயம் இருமுறை கணக்கில் சேர்ந்து, பிழை எல்லை தேவைக்கு மேல் அகன்றுவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஐயம் சமம் எனக் கொண்டால், அது ஏறத்தாழ 1.7 மடங்காகும். மேலும், மாதிரிப் பதிவு முறையில் ஒரே ஊர்களும் நகர்ப்பகுதிகளும் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. எனவே, ஓர் ஊரை மறுமாதிரியில் எடுக்கும்போது, அவ்வூரின் எல்லா ஆண்டுத் தரவையும் ஒன்றாகவே எடுக்க வேண்டும். ஆண்டுகள் பொதுவாக அமையாத காலங்களை, எடுத்துக்காட்டாக 2015–17இல் 122, 2018–20இல் 97 என்பவற்றை ஒப்பிடுவது வாசகர்களுக்கு மேலும் தெளிவான படத்தைத் தரும்.

அரிய நிகழ்வுகளில் முறையின் எல்லை

கேரளத்தின் தாய்மார் இறப்பு விகிதம் 2016–18இல் 43, 2017–19இல் 30, 2018–20இல் 19 என வெளியிடப்பட்டது. அதே காலங்களில் தமிழ்நாட்டின் விகிதம் 60, 58, 54 ஆகும். விகிதம் இவ்வளவு தாழ்ந்த மாநிலங்களில், மாதிரிக்குள் பதிவாகும் இறப்புகள் மிகக் குறைவாகவே இருக்கும். ஓரிரு நிகழ்வுகள் கூடுவதோ குறைவதோ விகிதத்தைப் பெரிதும் அசைக்கும். தரவரிசையில் ஓரிடம் ஏறுவதும் இறங்குவதும் இத்தகைய அசைவாகவே இருக்கக்கூடும்.

நிகழ்வுகள் மிகக் குறைந்தால் பூட்ஸ்ட்ராப் முறையும் தளர்கிறது. ஒரு மாவட்டத்தின் மாதிரியில் 3,000 பிறப்புகளும் சுழிய இறப்பும் பதிவாயின எனக் கொள்வோம். எத்தனை முறை மறுமாதிரி எடுத்தாலும் சுழியமே கிடைக்கும். பிழை எல்லையும் சுழியமாகவே தோன்றும். அம்மாவட்டத்தில் இடர் இல்லை என்பது இதன் பொருளன்று. நிகழ்வு ஏதும் பதிவாகாதபோது, 3ஐ மாதிரியின் அளவால் வகுத்தால் 95 விழுக்காட்டு மேல் எல்லை ஏறத்தாழக் கிடைக்கும் என்பது புள்ளியியலில் அறியப்பட்ட எளிய விதி. இங்கு அது ஒரு லட்சத்துக்கு 100 என வரும். அதாவது, விகிதம் நாட்டின் சராசரியை ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தகவல் தாள்களில் சிசு இறப்பு வீதம் தரப்படாததும், 25 முதல் 49 பேரை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட எண்கள் அடைப்புக்குறிக்குள் இடப்படுவதும், 25க்கும் குறைவானோரைக் கொண்டவை உடுக்குறியிட்டு மறைக்கப்படுவதும் இத்தகைய கவனத்தின் வெளிப்பாடே.

மறுமாதிரியாக்கம் காட்டாதவை

மறுமாதிரியாக்கம் அளப்பது மாதிரிப் பிழையை மட்டுமே. அளவிடும் முறையிலேயே வேறுபாடு இருப்பின் அதை எந்த மறுமாதிரியும் வெளிக்கொணராது. குழந்தைகளின் இரத்தசோகை குறித்த விவாதம் இதற்குச் சான்று.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில், நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுள் 58.6 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் எனக் கண்டறியப்பட்டது. ஐந்தாம் சுற்றில் அது 67.1 விழுக்காடு. இச்சுற்றுகளில் விரல் நுனியிலோ குதிகாலிலோ குத்தி எடுத்த இரத்தத் துளி சோதிக்கப்பட்டது. 2016–18இல் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் நாளத்திலிருந்து எடுத்த இரத்தம் சோதிக்கப்பட்டது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுள் 41 விழுக்காட்டினரே இரத்தசோகை உடையோர் என அது தெரிவித்தது. வயது வரம்பு சற்றே வேறுபடினும், இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயலாகக் கருத இயலாது. மாதிரிகள் பெரியவை ஆதலால் இரு எண்களின் நம்பிக்கை இடைவெளிகளும் குறுகியவை. எனினும், அக்குறுகிய இடைவெளி எந்த அளவீடு உண்மைக்கு நெருக்கமானது என்பதைச் சொல்வதில்லை.

எல்லைக்கோடும் விளைவை மாற்றும். மிகப் பல குழந்தைகளின் ஹீமோகுளோபின் அளவு, டெசிலிட்டருக்கு 11 கிராம் என்னும் வரம்பை ஒட்டியே அமைகிறது. பரவல் சிறிதளவு நகர்ந்தாலும் வரம்புக்குக் கீழ் உள்ளோரின் பங்கு பெருமளவு மாறும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான வரம்பு 10.5 கிராம் எனக் குறைக்கப்பட்டது. பழைய வரம்பில் கணக்கிட்ட விழுக்காட்டையும் புதிய வரம்பில் கணக்கிட்டதையும் அருகருகே வைத்தால், ஒரு குழந்தையின் உடல்நிலைகூட மாறாமலேயே "முன்னேற்றம்" தோன்றும். இத்தகைய நிலையில் ஒரே விழுக்காட்டை ஒப்பிடுவதினும், பரவல்களை முழுமையாக ஒப்பிடுவதே நன்று. பரவலின் 10, 25, 50, 75, 90ஆம் நூற்றுமானங்களில் உள்ள வேறுபாட்டையும், ஒவ்வொன்றுக்கும் மறுமாதிரியால் பெற்ற இடைவெளியையும் காட்டினால், கடுமையான குறைபாடு உடைய குழந்தைகளின் நிலை மாறியதா, வரம்பை ஒட்டியோர் மட்டும் நகர்ந்தனரா என்பது விளங்கும்.

அறிக்கையை வாசிக்கும்போது கேட்க வேண்டிய வினாக்கள்

1. மாற்றத்துக்கான நம்பிக்கை இடைவெளி தரப்பட்டுள்ளதா? தனித்தனி எண்களின் இடைவெளிகள் மட்டும் தரப்பட்டிருப்பின் அது போதாது.
2. எத்தனை நிகழ்வுகளின் அடிப்படையில் வீதம் கணக்கிடப்பட்டது? மறுமாதிரிகளின் எண்ணிக்கை இதற்கு விடையாகாது.
3. மறுமாதிரி எடுக்கும்போது ஊர்கள் அலகாகக் கொள்ளப்பட்டனவா, தனிமனிதர்களா?
4. ஒப்பிடப்படும் காலங்களுக்குப் பொதுவான ஆண்டுகளோ பொதுவான ஊர்களோ உண்டா? உண்டு எனில் அது கணக்கில் கொள்ளப்பட்டதா?
5. இரு சுற்றுகளிலும் அளவிடும் கருவியும் வயது வரம்பும் எல்லைக்கோடும் ஒன்றேயா?
6. இடைவெளியில் சுழியம் அடங்கினால், "மாற்றம் இல்லை" என எழுதப்பட்டுள்ளதா, "முடிவு கூறப் போதிய சான்று இல்லை" என எழுதப்பட்டுள்ளதா?

ஒரு மாவட்டம் பின்தங்கியதாகத் தவறாக அறிவிக்கப்பட்டால், அங்குப் பணியாற்றும் செவிலியர்கள் செய்யாத குறைக்கு விளக்கம் அளிக்க நேரிடும். முன்னேறியதாகத் தவறாக அறிவிக்கப்பட்டால், அங்கு வாழும் தாய்மாருக்குச் சேர வேண்டிய கவனம் வேறிடம் செல்லும். இவ்விரண்டையும் தவிர்க்க, எண்ணுடன் அதன் மாற்றத்துக்கான இடைவெளியையும் சேர்த்தே வெளியிடுவதும், சேர்த்தே வாசிப்பதும் வேண்டும்.